வெள்ளிக்கிழமை முட்டை ஆகுமா? புலால் தவிர்க்கும் சுத்தபோசன நாளில் எவை ஆகும், எவை ஆகாது

தங்கச்சிமடம் தாய் | வெள்ளி, இரவு 8.40

என் மகன் நான்காம் வகுப்புப் படிக்கிறான். நாங்கள் கத்தோலிக்கர். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தின நாற்பது நாள் நோன்பான தவக்காலத்தின் முதல் வெள்ளியான இன்று, பள்ளிச் சத்துணவில் கொடுத்த முட்டையைத் தொடாமல் பக்கத்தில் இருந்த பையனின் தட்டில் வைத்துவிட்டு, முட்டை பட்டிருந்த சோற்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டதாகச் சத்துணவு ஆயா சொன்னார். நான் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் செபமாலைக்குக் கூடும்போது பெரியவர் ஒருவர், "முட்டைக்குள் உயிர் இருக்கிறது, அதுவும் கறிதான், வெள்ளிக்கிழமை தின்றால் பாவம்" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் இன்று இரவு எங்கள் வீட்டில் நண்டு ஆணம். தட்டில் நண்டுக்காலை வைத்ததும் அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "நண்டுக்கு உயிர் இல்லையாம்மா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

முட்டை, பால், தயிர், நெய், நண்டு, கணவாய், கறி வேகவைத்த சாறு ஆகியவற்றில் எது ஆகும், எது ஆகாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திருச்சபை உண்மையில் எதைத் தடுத்திருக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் எப்படி நடக்கிறது என்பதைப் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

பழைய உபதேசியார் | வெள்ளி, இரவு 10.15

சகோதரி, முதலில் பையனின் மனதை ஆற்றுங்கள். அவன் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, மீறவும் முடியாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1252ஆம் எண்படி, புலால் தவிர்க்கும் கடமை பதினான்கு வயது நிறைந்தவர்களைத்தான் கட்டுப்படுத்தும். ஒருசந்தி, அதாவது ஒரு நாளில் ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்பது, பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு அறுபதாம் வயது தொடங்கும் வரைக்கும் உரியது. சுத்தபோசனத்துக்கு மேல் வயது வரம்பு இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி மனக்கலக்கம் வருகிறது. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, சுத்தபோசனம் இரண்டும் சேர்ந்த நாட்கள். மற்ற வெள்ளிகள் சுத்தபோசனத்துக்கு மட்டும் உரியவை.

இனி முட்டைக்கு வருகிறேன். 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத் தொகுப்பிலேயே, தடை செய்யப்படுவது இறைச்சியும் இறைச்சிச் சாறும் என்றும், முட்டையும் பால் பொருட்களும் விலங்குக் கொழுப்பால் ஆன தாளிப்புகளும் தடையில் அடங்கா என்றும் எழுதியிருந்தது. 1966 பிப்ரவரி 17 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட 'பெனித்தேமினி' என்ற ஆவணமும் இறைச்சியைத்தான் தடுக்கிறது. முட்டை, பாலில் இருந்து வருபவை, விலங்குக் கொழுப்பில் செய்த சுவைப்பொருட்கள் ஆகியவற்றை அது தடுக்கவில்லை. ஆகவே முட்டை, பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பாலாடைக்கட்டி எல்லாம் ஆகும். பன்றிக் கொழுப்பில் வறுத்த கிழங்குகூடச் சட்டத்தின்படி தடையில் வராது.

"உயிர் இருக்கிறதா" என்பது நம் சைவ மரபின் கேள்வி. அது மிக உயர்ந்த கேள்வி, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் திருச்சபையின் சட்டம் அந்தக் கேள்வியில் இருந்து பிறக்கவில்லை. ஆடு, மாடு, பன்றி, கோழி, வாத்து, காடை முதலிய தரையில் வாழும் விலங்குகளின் சதையும் பறவைகளின் சதையும்தான் அதற்கு 'இறைச்சி'. இலத்தீனில் அதற்கு வழங்கும் சொல் மீனைக் குறிக்காது. மீன், நண்டு, இறால், கணவாய், சிப்பி, சங்குச்சதை எதுவும் அதில் அடங்கவில்லை. நண்டுக்கும் உயிர் இருக்கிறது; உயிரைக் கொண்டு இந்தக் கோடு போடப்படவில்லை என்று மகனிடம் சொல்லுங்கள். விருந்து என்றால் நிலத்து இறைச்சி என்று இருந்த நாடுகளில், கிறிஸ்து உயிர் கொடுத்த கிழமையில் விருந்தை விட்டுவிடுவோம் என்று கிறிஸ்தவர்கள் கோடு போட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பெரியவரையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் தவக்காலம் முழுவதும் முட்டையும் பாலும் வெண்ணெயும்கூடத் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாரும் தவக்கால நோன்பைப் பற்றி எழுதும்போது அப்படித்தான் எழுதுகிறார். உயிர்ப்புப் பெருவிழாவில் முட்டை கொடுக்கும் வழக்கத்துக்கும் இதோடு உறவு உண்டு. நாற்பது நாளும் சேர்ந்துபோன முட்டைகள் அன்றுதான் வெளியே வரும். பிரான்சில் ரூவான் பேராலயத்துக்கு 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே ஒரு கோபுரம் இருக்கிறது. தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றவர்கள் அதற்காகக் கொடுத்த காணிக்கையும் சேர்ந்து எழுந்த கோபுரம் அது. பெரியவர் சொன்னது முன்னோர் கைக்கொண்ட பழைய ஒழுங்கு. அதைப் 'பாவம்' என்று இன்று ஒரு குழந்தையிடம் சொன்னதுதான் தவறு.

பாம்பன் வலைஞர் | சனி, காலை 5.50

உபதேசியார் ஐயாவுக்கு வணக்கம். சட்டம் புரிந்துவிட்டது, ஆனால் என் மனம் ஆறவில்லை. நான் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவன். எங்கள் வீட்டில் திங்கள் முதல் ஞாயிறு வரை மீன்தான். காரல் ஆணமும் நெத்திலிக் கருவாடும் எங்களுக்குச் சோற்றைப் போல. ஆட்டுக்கறி மாதத்தில் ஒரு நாள், அதுவும் ஞாயிறு. அப்படியிருக்க, வெள்ளிக்கிழமை கறியை விடு, மீன் தின்னு என்றால் நான் எதை விட்டேன்? விட்டதாகச் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. விலை கூடின நாளில் எடுத்த சீலாவையும் இறாலையும் பெரிய வெள்ளியன்று பிரியாணி போட்டுத் தின்றுவிட்டு, நான் சுத்தபோசனம் இருந்தேன் என்று சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தை முத்தமிடுவதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா தவக்காலத்து வெள்ளி, சனியில் வருவதைப் பார்த்திருப்பீர்கள்; 2023இல் மார்ச் 3, 4, 2025இல் மார்ச் 14, 15. அந்த வெள்ளியில் படகேறும்போது நாங்கள் புளிச்சோறும் துவையலும் மட்டும் கட்டிக்கொள்வோம். மீன்கூட எடுப்பதில்லை. தீவில் சிலுவைப்பாதை முடிந்து மணலில் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் எனக்கு அது வெள்ளிக்கிழமையாகத் தெரியும். சட்டம் இதைக் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும்.

தேவிபட்டினம் பேத்தி | சனி, காலை 9.05

எங்கள் அப்பத்தா தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய் இரவே கவிச்சிச் சட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பரணில் கவிழ்த்து வைத்துவிடுவார். நாற்பது நாளும் மீன், முட்டை எதுவும் கிடையாது. பால் மட்டும் உண்டு. கேட்டால், பக்கத்து வீட்டு அம்மா மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் எப்படி இருக்கிறாரோ அதைவிடக் குறைவாக நான் என் ஆண்டவருக்கு இருப்பேனா என்பார். எனக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. ஆனால் அதே சட்டத்தைச் சர்க்கரை நோயும் மெலிவும் இருந்த என் அப்பாவுக்கும் அவர் போட்டபோது, மருத்துவர் சொன்ன ஒரு முட்டையைக்கூட அப்பா மறைத்துத் தின்ன வேண்டியிருந்தது. ஆகாத ஒன்றைச் செய்வதுபோல் கொல்லையில் நின்று அவர் அந்த முட்டையை உரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மண்டபம் முகாம் | சனி, நண்பகல் 12.30

நான் கேரளத்துச் சீரோ மலபார் சபையைச் சேர்ந்தவள். கணவரின் வேலைக்காக இங்கே வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் மரபில் தவக்காலம் புதனில் தொடங்காது, திங்களில் தொடங்கும். அதை ஐம்பது நோன்பு என்போம். இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விடுவதுதான் முன்னோர் வழி. இப்போது பல வீடுகளில் இறைச்சியும் மீனும் மட்டும் விடுகிறார்கள். ஆகவே கத்தோலிக்கர் என்றால் ஒரே பட்டியல் என்று நினைக்க வேண்டாம். உபதேசியார் சொன்ன சட்டத் தொகுப்பு இலத்தீன் வழிபாட்டு முறையினருக்கு உரியது. கீழை வழிபாட்டு முறையினருக்குத் தனித் தொகுப்பு இருக்கிறது, எங்கள் ஆயர்கள் சொல்வதே எங்களுக்கு ஒழுங்கு. கிரேக்க மரபினர் மீனை விட்டாலும் நண்டு, சிப்பி போன்றவற்றை உண்பார்கள் என்பதையும் அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள். நண்டைப் பற்றி அவன் கேட்ட கேள்வி சிறியது இல்லை.

தொண்டிக் கரை | சனி, இரவு 7.20

என் கேள்வி கொஞ்சம் வேறு. சில ஆண்டுகளாக எங்கள் தவக்காலமும் இஸ்லாமியர்களின் ரமலானும் சேர்ந்தே வருகின்றன. எங்கள் வீட்டுக்கு இடப்புறம் இருக்கும் குடும்பத்தார் நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு தூக்குச்சட்டி நிறையக் கஞ்சி கொடுத்துவிடுவார்கள். என் தாத்தா காலத்தில் இருந்து நடக்கும் வழக்கம் இது. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் சேர்த்து, பல நாட்களில் கொத்துக்கறியும் போட்டிருப்பார்கள்; சில நாட்களில் எலும்பு மட்டும் போட்டு வேகவைத்து எடுத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை வரும் கஞ்சியை நான் என்ன செய்வது? வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவே வராது.

பழைய உபதேசியார் | சனி, இரவு 9.45

தொண்டிக்காரரே, வேண்டாம் என்று சொல்லாதீர்கள். முகம் மலர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கொத்துக்கறி கண்ணுக்குத் தெரிந்தால் அது இறைச்சி. அதில் ஐயம் இல்லை. ஈரல், குடல், மூளை, எலும்புக்குள் இருக்கும் மச்சை, சுண்டிய இரத்தம் எல்லாம் இறைச்சியோடு சேர்ந்தவை என்றே அறநெறி ஆசிரியர்கள் கொண்டிருக்கிறார்கள். எலும்பு மட்டும் வெந்த சாறுதான் வழக்குக்கு இடமான பொருள். 1917ஆம் ஆண்டுச் சட்டம் இறைச்சிச் சாற்றைப் பெயர் சொல்லித் தடுத்தது. 1966ஆம் ஆண்டு ஆவணத்தில் அந்தச் சொல் இல்லை, 1983ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இல்லை. எனவே எழுத்தின்படி சாறு இன்று தடை செய்யப்பட்டதாகச் சொல்ல முடியாது என்பவர்கள் உண்டு. ஆனாலும் இறைச்சியின் சுவை நாக்கில் நிற்கும் சூப்பையும் குழம்பையும் விட்டுவிடுவதே நெடுநாளைய போதனை. குழம்பில் இருந்து கறித்துண்டை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியை ஊற்றிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கோழிச்சாற்றுக் கட்டியைக் கரைத்த சூப்பையும் அப்படியே வையுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் குடிக்கலாம். இல்லாவிட்டால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். தகுந்த காரணம் இருந்தால் தனி ஆள் ஒருவருக்குத் தவநாள் கடமையில் இருந்து விலக்குக் கொடுக்கவும், வேறொரு பக்திச் செயலாக மாற்றிக் கொடுக்கவும் 1245ஆம் எண் அவருக்கு அதிகாரம் தருகிறது. தலைமுறை தலைமுறையாக வரும் கஞ்சியை மதிப்பதும் தகுந்த காரணந்தான் என்று அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

தேவிபட்டினம் பிள்ளை எழுதியதைப் படித்த பிறகு, நான் செய்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உபதேசியாராகச் சேர்ந்த புதிதில், பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகாத ஒரு பெண் தவக்கால வெள்ளியில் ஆட்டுக்கால் சூப் குடிப்பதைப் பார்த்து, அவர் மாமியார் முன்னிலையில் கண்டித்தேன். அந்தப் பெண் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த வாரமும் குடிக்கவில்லை, அதற்கடுத்த வாரமும் குடிக்கவில்லை. பால் வற்றிக் குழந்தை அழுததை அவர் வீட்டார் சொல்லித்தான் அறிந்தேன். நோயாளிகள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார், கடும் உழைப்பால் உடல் தளர்ந்தவர்கள் ஆகியோரை இந்தக் கடமை நெருக்குவதில்லை என்பது எனக்கு அன்று தெரியாது. தெரியாததைத் தெரிந்தவன்போல் சொன்னேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் இந்தச் சட்டங்களை எழுத்தெழுத்தாகப் படித்தேன். முட்டையை மறைத்து உரித்த அந்தத் தகப்பனாருக்கு அந்த முட்டை முழுக்க முழுக்க உரிமையானது. நோய் இல்லாதிருந்தாலும் உரிமையானதே.

வேதாளை வாலிபன் | ஞாயிறு, பிற்பகல் 2.10

கடலில் இருந்து வருவதெல்லாம் ஆகும் என்றால் ஆமையும் ஆவுளியாவும் (கடற்பசு) எப்படி? எங்கள் பெரியவர்கள் இரண்டையும் தின்றிருக்கிறார்கள். ஆவுளியா பால் கொடுக்கும் உயிர், அதற்கு வெதுவெதுப்பான இரத்தம் என்று பள்ளியில் படித்தேன்.

பழைய உபதேசியார் | ஞாயிறு, மாலை 4.00

ஊர்வனவும் நீர் நில வாழ்வனவும் தடையில் வரவில்லை. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பேராயர், முதலைக் கறி மீன் வகையோடு சேரும் என்று தம் மக்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். வெனிசுவேலாவில் ஆற்றங்கரையில் வாழும் கப்பிபாரா என்னும் பாலூட்டியையும் நீரில் வாழ்வதைக் கருதித் தவக்காலத்தில் உண்ணும் வழக்கம் உண்டு. ஆகவே பாலூட்டி என்பதாலேயே முடிவு வந்துவிடாது. அந்த அந்த இடத்து வழக்கமும் ஆயரின் சொல்லும் சேர்ந்தே முடிவு செய்திருக்கின்றன.

ஆனால் தம்பி, நம் கரையில் இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. கடலாமையும் ஆவுளியாவும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பவை. எந்தக் கிழமையிலும் அவற்றைப் பிடிக்கவோ தின்னவோ கூடாது. அழுங்காமைக் கறியில் உயிரைக் கொல்லும் நஞ்சு ஏறியிருக்கக்கூடும் என்பதையும் மறக்காதீர்கள். வலையில் சிக்கினால் வலையை அறுத்து அவற்றைக் கடலிலேயே விட்டுவிடுங்கள்.

ஓரியூர் செம்மண் | ஞாயிறு, இரவு 8.30

இந்த விவாதத்தில் நம் மண்ணின் புனிதரை யாரும் நினைக்கவில்லையே என்று எழுதுகிறேன். அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) லிஸ்பன் நகரில் 1647இல் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். மறவர் நாட்டுக்கு வந்த பிறகு பண்டாரச் சாமியாராகக் காவி உடுத்தி, விலங்கு உணவு எதையும் தொடாமல், மதுவையும் விட்டு வாழ்ந்தார். எந்தத் திருச்சபைச் சட்டமும் அவரை அப்படி இருக்கச் சொல்லவில்லை. யார் நடுவில் வாழ்ந்தாரோ அவர்கள் எதைத் தவம் என்று மதித்தார்களோ அதையே தம் தவமாக எடுத்துக்கொண்டார்.

அவர் ஓரியூரில் தலை வெட்டுண்டது 1693 பிப்ரவரி 4. அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22இல் வந்தது; அதில் இருந்து நாற்பத்தாறு நாட்களைப் பின்னோக்கி எண்ணினால் பிப்ரவரி 4 திருநீற்றுப் புதன். நாம் சுத்தபோசனம் தொடங்கும் அதே நாளில் அவர் உயிரையே கொடுத்தார். தேவிபட்டினத்து அப்பத்தா சட்டிகளைக் கவிழ்த்து வைப்பதும், பாம்பன் அண்ணன் தீவுக்குப் புளிச்சோறு கட்டுவதும் இந்த வழியில் வந்தவை என்றே நான் நம்புகிறேன். தனக்கென்று கூடுதலாக எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொள்ளட்டும். அதை அடுத்தவர் தட்டில் சட்டமாக வைக்க வேண்டாம்.

இராமநாதபுரம் செவிலி | திங்கள், காலை 7.15

மீன் எண்ணெய் மாத்திரை, மருந்து உறைகளிலும் ஜெல்லி மிட்டாயிலும் இருக்கும் ஜெலட்டின் இவற்றைப் பற்றியும் நோயாளிகள் கேட்கிறார்கள். ஜெலட்டின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படுகிறது, ஆனால் அதில் இறைச்சிச் சுவை இல்லை. எங்கள் பங்குச்சாமியிடம் கேட்டதற்கு, அது தடையில் வராது, மருந்தை ஒருபோதும் நிறுத்தக்கூடாது என்றார்.

பாம்பன் வலைஞர் | திங்கள், மாலை 6.00

இன்னொன்றும் கேட்டு முடித்துக்கொள்கிறேன் ஐயா. சூசையப்பர் திருவிழா வெள்ளியில் விழுந்தால்?

பழைய உபதேசியார் | திங்கள், இரவு 9.00

அவர் திருவிழாவான மார்ச் 19, திருவிழாக்களிலேயே உயர்ந்த தரமான 'பெருவிழா' நாள். வெள்ளியில் பெருவிழா வந்தால் 1251ஆம் எண்படி அன்று சுத்தபோசனம் இல்லை. 2021இல் அப்படி வந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 25, மங்களவார்த்தைத் திருவிழாவும் வெள்ளியில் வந்தது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த வெள்ளியும் அப்படித்தான். அன்று கறி எடுங்கள்.

மீனே சோறாக இருக்கும் நான் எதை விட்டேன் என்று நீங்கள் முதலில் கேட்டதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1253ஆம் எண், ஆயர் பேரவை இந்தத் தவத்துக்குப் பதிலாக வேறு தவமுயற்சிகளை, சிறப்பாக அன்புப் பணிகளையும் பக்திச் செயல்களையும், வகுக்கலாம் என்கிறது. 1251ஆம் எண்ணும் இறைச்சியை மட்டும் சொல்லாமல், பேரவை வகுக்கும் வேறொரு உணவையும் சொல்கிறது. மீனே சோறாக இருக்கும் கரைகள் உலகில் உண்டு என்று தெரிந்துதான் அந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நம் மறைமாவட்டத்தில் தவக்காலத் தொடக்கத்தில் வாசிக்கப்படும் அறிவிப்பைக் கவனமாகக் கேளுங்கள். அதற்கு மேல் வெள்ளியன்று மீனையும் விட வேண்டும் என்று உங்கள் மனம் சொன்னால் விடுங்கள். அந்த மீனின் விலையைச் சின்னப் பெட்டியில் போட்டு வையுங்கள், புனித வாரத்தில் இல்லாதவர் ஒருவருக்குக் கொடுக்கலாம்.

தங்கச்சிமடம் தாய் | வெள்ளி, இரவு 8.10

இடையில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். எல்லாவற்றையும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். முதலை வரும் இடத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னான். இன்று பள்ளியில் முட்டையைச் சாப்பிட்டிருக்கிறான், ஆயாவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரியவரிடம் நானே போய்ப் பேசினேன். அவர் வருத்தப்படவில்லை, தம் தாயார் முட்டையைத் தொடாமல் இருந்ததைப் பார்த்து வளர்ந்ததாகச் சொன்னார், இனிப் பிள்ளைகளிடம் பாவம் என்ற சொல்லைச் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார்.

மாலையில் மகன் வந்து, எனக்குச் சட்டம் இல்லை என்பதால் நான் எதையும் விடக்கூடாதா என்று கேட்டான். விடலாம் என்றேன். வெள்ளிக்கிழமை கடையில் வாங்கும் தேன்மிட்டாயை விடுகிறேன் என்று சொல்லி, ஐந்து ரூபாயை என் கையில் வைத்தான். அலமாரியில் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன்.